பசிக்குதா... இல்ல போரடிக்குதா?

ராத்திரி பதினொன்றரை மணி. மெஸ்ல எட்டு மணிக்கே சப்பாத்தி, குருமா உள்ளே போயாச்சு. நாளைக்கு இன்டர்னல். மூணாவது யூனிட் பாதியிலேயே நிக்குது. திடீர்னு வயித்துக்குள்ளே இருந்து யாரோ 'கொத்து பரோட்டா'னு கூப்பிடற மாதிரி இருக்கு. பக்கத்து பெட்காரன் போனை எடுத்து, "மச்சி, ஆர்டர் போடலாமா?"ங்கறான். அரை மணி நேரத்துல பார்சல் வருது. அஞ்சே நிமிஷத்துல காலி. கையைக் கழுவிட்டு வந்து உட்காரும்போது உள்ளுக்குள்ளே ஒரு கேள்வி: 'இப்ப எதுக்கு இதைச் சாப்பிட்டோம்?'

இந்த வாரம் நம்ம மேட்டர் அந்தக் கேள்விதான் ஃப்ரெண்ட்ஸ்!

'ஜங்க் ஃபுட் தொடாதே, கீரை சாப்பிடு'னு அட்வைஸ் பண்ண இந்தப் பக்கம் தேவையில்லை. அதுக்கு வீட்ல ஆள் இருக்காங்க. பரோட்டா மைதா, பப்ஸ் முழுக்க டால்டா, கூல் டிரிங்க்ஸ்ல சர்க்கரை... எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு அசைன்மென்ட்டே எழுதிக் கொடுப்பீங்க. தெரிஞ்சும் கை ஏன் அங்கேயே போகுது? வயிறு நிறைஞ்ச பிறகும் வாய் ஏன் நிக்க மாட்டேங்குது? இதுக்கான பதில் வயித்துல பாதி, மனசுல பாதி இருக்கு. வயித்துப் பாதியை டாக்டர்கள் பார்த்துக்கட்டும். நாம மனசுப் பக்கம் போவோம்.

அழுதா பால்!

ஜெர்மனியில பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் நாட்டை விட்டு வெளியேறி, பிறகு அமெரிக்காவில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர் ஹில்டே ப்ரூக். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் நடுவில் இருக்கும் சிக்கலைப் பற்றி 1973-ல் அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறையில் ரொம்ப முக்கியமானது. அவர் சொன்ன ஒரு விஷயம் ரொம்ப சிம்பிள். 'இது பசி'னு அடையாளம் கண்டுபிடிக்கறதையே குழந்தை கத்துக்க வேண்டியிருக்கு. குழந்தை அழுவுது. பசியா, குளிரா, பயமா, தூக்கமா, சும்மா தூக்கி வெச்சுக்கணுமா... எதுக்கு அழுதாலும் வாயில பால் புட்டியைத் திணிச்சா, அந்தக் குழந்தைக்கு எல்லா அவஸ்தையும் ஒரே மாதிரிதான் தெரியும். வளர்ந்த பிறகும் பயம் வந்தா பசிக்கும். தனிமையா இருந்தா பசிக்கும். கோபம் வந்தாலும் பசிக்கும்.

நம்ம வீடுகளை நினைச்சுப் பாருங்க. கீழே விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா, "அழாதேடா கண்ணு, சாக்லேட் வாங்கித் தர்றேன்." ரேங்க் வாங்கினா ஐஸ்க்ரீம். ஊசி போட்டுக்கிட்டா பிஸ்கெட். தோத்துட்டு வந்தாலும், "விடு, வா சாப்பிடு." விருந்தாளி வந்தா 'போதும்'னு சொன்ன பிறகும் இலையில ரெண்டு இட்லி விழுந்தாதான் மரியாதை. தட்டுல மிச்சம் வெச்சா, "சோத்தோட அருமை தெரியுதா உனக்கு?"

இதையெல்லாம் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ரேஷன் அரிசிக்குக் க்யூவில நின்ன தலைமுறை வளர்த்த வீடுகள் இவை. அவங்க கையில இருந்ததிலேயே பெரிய விஷயம் சாப்பாடுதான். அதைக் கொடுத்துதான் அன்பைக் காட்டினாங்க. 'உன்னை எனக்குப் பிடிக்கும்'னு வாயைத் திறந்து சொல்லாத அப்பா, ஆஃபீஸ் விட்டு வரும்போது மிக்சர் பொட்டலம் வாங்கிட்டு வருவார். அதுக்கு அர்த்தம் நமக்குத் தெரியும். பிரச்னை எங்கே வருதுன்னா, அந்த அப்பாவும் அம்மாவும் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, மனசு கஷ்டமா இருக்கற ஒரு ராத்திரியில, நமக்கு நாமே மிக்சர் வாங்கிக் கொடுத்துக்கறோம். ஒரு பொட்டலத்துல நிக்கறதில்லை. ஏன்னா நமக்கு வேண்டியது மிக்சரே இல்லையே!

ஹாஸ்டல்வாசிகளுக்கு ஒரு போன் கால் தினமும் வரும். "சாப்பிட்டியா?" நம்ம ஊர்ல அதுக்கு 'எப்படி இருக்கே? சந்தோஷமா இருக்கியா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? என்னை நினைச்சியா?'னு அத்தனை அர்த்தமும் உண்டு. பதிலுக்கு நாம சொல்றது ஒரே வார்த்தை: "ம்... சாப்பிட்டேன்." காலையிலிருந்து டீயும் ரெண்டு பட்டர் பிஸ்கெட்டும்தான்னாலும் "சாப்பிட்டேன்"தான். லேப்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினது, ரூம்மேட் பேசாம இருக்கறது, அரியர் விழுந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்ளே அமுங்கிப் போயிடும். அப்புறம் அதெல்லாம் ராத்திரி பதினொன்றரைக்குக் கொத்து பரோட்டாவா வெளியே வரும்.

தயிர் சாதம் டெஸ்ட்

நிஜப் பசி மெல்ல மெல்ல வரும். எது கொடுத்தாலும் ஏத்துக்கும். சாப்பிட்டா அடங்கிடும். மனசுல இருந்து வர்ற பசி சட்டுனு வரும், ஒரே ஒரு அயிட்டம்தான் கேட்கும், வயிறு நிறைஞ்சாலும் அடங்காது, முடிஞ்ச பிறகு குற்ற உணர்ச்சியை விட்டுட்டுப் போகும். இதை ஞாபகம் வெச்சுக்கக் கஷ்டமா இருந்தா, என்னோட ஷார்ட்கட் இதோ: 'இப்ப ஒரு கிண்ணம் தயிர் சாதமும் ஊறுகாயும் கொடுத்தா சாப்பிடுவேனா?'னு கேட்டுப் பாருங்க. 'ஓ... கொடு'னா பசி. 'சே, அதெல்லாம் வேணாம், பரோட்டாதான்'னா அது வேற கதை. (தயிர் சாதமே உயிர்னு இருக்கறவங்க ரவா உப்புமாவை வெச்சு டெஸ்ட் பண்ணிக்கங்க!)

நூத்துக்கு நூறு கரெக்டா இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஏன்னா கல்யாணப் பந்தியில 'கழுத்து வரைக்கும் ஃபுல்'னு சொன்னவர், பாயசம் வந்ததும் இலையை மடிக்காம உட்கார்றதுக்கு மனக் கவலை எல்லாம் காரணம் இல்லை. ஒரே ருசியைச் சாப்பிடச் சாப்பிட அந்த ருசி மட்டும் சலிச்சுப் போகும். புது ருசிக்கு நாக்கு புதுசா கதவைத் திறக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1980-களிலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். பஃபே சாப்பாட்டுல நாம தோக்கறது இதனாலதான்.

தூங்காத வயிறு

எக்ஸாம் டைம்ல சிலருக்குச் சோறே இறங்காது. சிலருக்குக் கை நிக்காது. ரெண்டும் டென்ஷன்தான். ஹாலுக்குள்ளே நுழையற அந்த நிமிஷத்து படபடப்பு பசியை அடக்கிடும். ஆனா மூணு வாரம், நாலு வாரம்னு இழுக்கற டென்ஷன் இருக்கே, அதுல கார்டிசால் என்கிற ஹார்மோன் ஏறி, இனிப்பும் எண்ணெயும் கேட்க வைக்கும். ஸ்டடி ஹாலிடேஸ்ல ஒரு சுத்து பெருக்கறவங்க இந்த ரகம்.

கூடவே தூக்கமும் போச்சுன்னா கேட்கவே வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. 2004-ல் வெளியானது. ரெண்டே ரெண்டு ராத்திரி, தலா நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். 'போதும்'னு சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவிகிதம் குறைந்தது. 'இன்னும் கொண்டா'னு சொல்ற கிரெலின் 28 சதவிகிதம் ஏறியது. ருசியா எதைக் கேட்டாங்க தெரியுமா? இனிப்பு, உப்பு ஸ்நாக்ஸ், மாவு அயிட்டங்கள். ரெண்டு நாளுக்கே இப்படின்னா, செமஸ்டர் முழுக்க ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் தள்ளற நமக்கு? 'எனக்கு வில் பவரே இல்லை'னு உங்களையே திட்டிக்கறதுக்கு முன்னாடி நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்கன்னு ஒரு தடவை யோசிங்க.

ஏழு நாள் பழைய பாப்கார்ன்

இது எனக்குப் ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி. டேவிட் நீல், வெண்டி வுட் என்ற உளவியலாளர்களும் அவர்களுடைய குழுவும் செய்தது, 2011-ல் வெளியானது. சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்கு அப்போதுதான் பொரித்த பாப்கார்ன். சிலருக்கு ஏழு நாள் பழசு, சவசவன்னு ஆனது. தியேட்டர்ல பாப்கார்ன் சாப்பிட்டே பழகினவங்க என்ன செஞ்சாங்க? பழசையும் புதுசு அளவுக்கே தின்னு தீர்த்தாங்க! 'நல்லா இருந்துச்சா?'னு கேட்டா, 'இல்லை'ங்கறாங்க. நாக்கு வேண்டாம்னு சொல்லியும் கை கேட்கலை. இருட்டு, ஸ்க்ரீன், ஸீட் இவ்வளவு போதும், கை தானா டப்பாவுக்குப் போயிடுது. அதே ஆட்களை மாதிரி இன்னொரு குழுவை மீட்டிங் ரூம்ல உட்கார வெச்சப்போ இந்த மந்திரம் வேலை செய்யலை.

இப்ப நம்ம பக்கம் வாங்க. லேப்டாப்பைத் திறந்தா சிப்ஸ். நாலு மணி பெல் அடிச்சா கேன்டீன், டீ, வாழைக்காய் பஜ்ஜி. கிரிக்கெட் மேட்ச்சுன்னா பிரியாணி. பசிச்சுதான் போறோமா, பெல் அடிச்சதால போறோமா?

அந்த ஆராய்ச்சியில இன்னொரு விஷயம் உண்டு. வழக்கமா சாப்பிடற கையை விட்டுட்டு, மற்ற கையால சாப்பிடச் சொன்னதும், பழசு போனவங்க பழசை ஒதுக்கிட்டாங்க. கை தடுமாறினதும் மூளை முழிச்சுக்குச்சு. நம்ம ஊர்ல இடது கையால சாப்பிட்டா வீட்ல முதுகுல ஒண்ணு விழும்ங்கறதால, வேற வழி பார்ப்போம். சிப்ஸ் பாக்கெட்டை மடியில வெச்சுக்காம, ஒரு கிண்ணத்துல கொட்டிட்டு, பாக்கெட்டை அலமாரியில வெச்சுட்டு வாங்க. ரெண்டாவது ரவுண்டுக்கு எழுந்து போகணும்ல? அந்த நாலு அடி தூரத்துல மூளை முழிச்சுக்கும்.

நாளையிலேர்ந்து டயட்!

இதுதான் மெயின் பிக்சர். கொஞ்சம் நிதானமாப் படிங்க.

கண்ணாடி முன்னாடி நின்னு, 'நாளையிலேர்ந்து காலையில சாப்பாடு கட், ராத்திரி ரெண்டு ஆப்பிள்'னு சபதம் போடறவங்க நம்மகிட்ட எத்தனை பேர்! திங்கள் சூப்பர். செவ்வாய் ஓ.கே. புதன் தலைவலி. வியாழக்கிழமை யாரோ பர்த்டே கேக்கை வாயில ஊட்டிடறாங்க. அவ்வளவுதான். 'சரி, இன்னிக்கு டயட் உடைஞ்சுடுச்சு. எப்படியும் போச்சு'னு சொல்லி பிரியாணி, கூல் டிரிங்க்ஸ், ஐஸ்க்ரீம்னு ஒரு வாரப் பட்டினியை ஒரே நாள்ல ஈடு கட்டறோம்.

இந்த 'எப்படியும் போச்சு' மனசை 1975-லேயே ஆராய்ச்சியில பிடிச்சுட்டாங்க. பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற ரெண்டு பேர் 45 கல்லூரி மாணவிகளை வைத்துச் செய்தது. சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம், 'இந்த ஐஸ்க்ரீமெல்லாம் ருசி பார்த்துச் சொல்லுங்க, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்.' சாதாரணமாச் சாப்பிடற பொண்ணுங்க, மில்க் ஷேக் குடிச்சிருந்தா ஐஸ்க்ரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. நியாயம்தானே. எப்பவும் டயட்ல இருக்கற பொண்ணுங்க? மில்க் ஷேக் குடிக்காதப்போ அளவாச் சாப்பிட்டாங்க. குடிச்ச பிறகுதான் அதிகமாச் சாப்பிட்டாங்க! வயிறு கணக்கு போடலை. 'ரூல் உடைஞ்சாச்சு'ங்கற நினைப்புதான் கணக்கு போட்டுச்சு.

இன்னும் ஆழமா போகணும்னா, மின்னசோட்டா பட்டினி ஆராய்ச்சியைத் தெரிஞ்சுக்கணும். இரண்டாம் உலகப் போர் சமயம். போருக்குப் பிறகு பட்டினியில வாடின மக்களுக்கு எப்படி மறுபடி சாப்பாடு கொடுத்துத் தேத்தறதுன்னு தெரிய வேண்டியிருந்தது. ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினார். மனசாட்சிப்படி துப்பாக்கி ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்தே எடுத்தார்கள். 24 வாரம் அரைப் பட்டினி. உருளைக்கிழங்கு, பிரெட், டர்னிப், மக்ரோனி மாதிரி அயிட்டங்கள், ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை.

உடம்பு இளைச்சதுல ஆச்சர்யம் இல்லை. எடையில கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. மனசுக்கு என்ன ஆச்சுங்கறதுதான் மிரட்டல். சாப்பாட்டைத் தவிர வேற பேச்சே இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வெச்சு, நாவல் மாதிரி படிச்சாங்க. கனவுலயும் சாப்பாடு. தட்டை நக்கினாங்க. ஒரு வேளைச் சாப்பாட்டை ரெண்டு மணி நேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டாங்க. சிரிப்பு போச்சு, நட்பு போச்சு, காதல் மூடும் போச்சு. எரிச்சலும் சோர்வும் மட்டும் மிச்சம். ஆராய்ச்சி முடிஞ்சு வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்தப்போ, சிலரால நிறுத்தவே முடியலை. வயிறு முட்டச் சாப்பிட்டும் 'பசிக்குது'ன்னாங்க.

இவங்க யாருக்கும் முன்னாடி மனநலப் பிரச்னை இல்லை. பட்டினிதான் அவங்க மனசை இப்படி மாத்திச்சு. இப்ப அந்த 1,570 கலோரியைத் திரும்பப் பாருங்க. 'ஒரே மாசத்துல பத்து கிலோ'னு நம்ம போன்ல சுத்தற டயட் சார்ட்டுகள்ல பல 1,200, 1,000-னு போட்டிருக்கும். அவங்க ஆண்கள், நிறைய நடந்தாங்க, அதனால அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனா 'டயட் ஆரம்பிச்சதுலேர்ந்து சாப்பாட்டு வீடியோவா பார்த்துக்கிட்டிருக்கேன், புக்ல கவனமே போக மாட்டேங்குது, எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறேன்'னு இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்லை. அதிகமாத் திங்கறதுக்கு எதிரா நாம எடுக்கற ஆயுதமே அதிகமாத் திங்க வைக்குது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். எல்லாரும் டயட்டுக்காகப் பட்டினி கிடக்கறதில்லை. வீட்ல இருந்து பணம் வந்த முதல் வாரம் பிரியாணி, கடைசி வாரம் டீயும் பன்னும்னு ஓட்டறவங்க உண்டு. முதல் பஸ்ஸைப் பிடிக்க ஆறு மணிக்கே வெறும் வயித்தோட கிளம்பற டே ஸ்காலர்ஸ் உண்டு. அவங்களுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்டை ஸ்கிப் பண்ணாதீங்க'னு சொல்றது கொழுப்பு. ஆனா உடம்புக்குக் காரணம் தெரியாது. டயட்டா, பர்ஸ் காலியா, பஸ்ஸா... எதுவானாலும் நாள் முழுக்கக் காய்ஞ்ச வயிறு ராத்திரி ஒரே மாதிரிதான் பாயும்.

கண்ணாடியில யாரு?

சரி, இளைக்கணும்ங்கற இந்த வெறி எங்கிருந்து வருது? பசிஃபிக் கடல்ல ஃபிஜி தீவுகள்னு ஒரு நாடு. நம்ம ஊர்லேர்ந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளா போனாங்களே, அதே ஃபிஜி. அங்கே பூர்வீக ஃபிஜி மக்கள்கிட்ட நல்லா வாட்டசாட்டமா இருக்கறதுதான் அழகு. 'இளைச்சுட்டியே'ன்னா கவலை. அந்த நாட்டுல நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல் டி.வி. வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் டி.வி. வந்த புதுசுல ஒரு தடவையும், 1998-ல் மறுபடியும் பள்ளி மாணவிகளைச் சந்தித்தார். எடையைக் குறைக்கறதுக்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுக்கற பழக்கம் முதல் தடவை ஒருத்தரிடமும் இல்லை. மூணு வருஷத்துல 11.3 சதவிகிதம். நாலுல மூணு பேர், 'நான் ரொம்பக் குண்டா இருக்கேன்னு தோணுது'ன்னாங்க. பல நூறு வருஷப் பழக்கத்தை மூணே வருஷ டி.வி. ஆட்டம் காண வெச்சிடுச்சு.

அது எப்பவாவது பார்க்கற டி.வி. இப்ப நம்ம பாக்கெட்ல இருக்கறது? இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம் நடத்திய உள் ஆய்வு ஒன்று 2021-ல் வெளியே கசிந்தது. உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த டீன் ஏஜ் பெண்களில் 32 சதவிகிதம் பேர், அந்த ஆப் தங்கள் வருத்தத்தை இன்னும் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள்.

பசங்களே, 'இதெல்லாம் பொண்ணுங்க மேட்டர்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. 2007-ல் 'ஓம் சாந்தி ஓம்' ஷாரூக் கான், 2008-ல் 'வாரணம் ஆயிரம்' சூர்யா... அதுக்கப்புறம் நம்ம ஊர்ல 'சிக்ஸ் பேக்' தெரியாத ஆள் உண்டா? எவ்வளவு உடம்பு ஏத்தினாலும் கண்ணாடியில 'நோஞ்சானா இருக்கேன்'னே தெரியற ஒரு பிரச்னைக்கு, ஹாரிசன் போப் என்ற மருத்துவர் குழு 1997-லேயே தனியா ஒரு பேர் வெச்சது. வீட்டு இட்லியைத் தொடாம, பவுடர் டப்பாவும் பன்னிரண்டு முட்டை வெள்ளைக்கருவும்னு வாழ்ந்து, ஒரு நாள் ஜிம் போகலைன்னா அன்னிக்குச் சோறே தப்புன்னு நினைக்கறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. எல்லாரும் அவங்களை 'டெடிகேஷன்'னு பாராட்டறதால அது பிரச்னையாவே தெரியறதில்லை.

போதாக்குறைக்கு நம்ம சொந்தக்காரங்க! லீவுக்கு ஊருக்குப் போனா வாசல்லயே சித்தி, "என்னடி இப்படி ஊதிட்டே?" நாலு அடி தள்ளி அத்தை, "என்னம்மா இப்படி எலும்பா ஆயிட்டே?" ஒரே உடம்பு, ஒரே நாள், ரெண்டு தீர்ப்பு! பாசத்துலதான் சொல்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா ஒரு பொண்ணு அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுக்கறதுக்கு அந்த ஒரு வரி போதும். கூட்டத்துல ஒருத்தனை 'குண்டா'னு செல்லமாக் கூப்பிட்டுச் சிரிக்கறோமே, அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுத் திங்கறதை நாம பார்க்கறதில்லை.

எது சாதாரணம், எது சீரியஸ்?

எப்பவாவது மூக்கு முட்டச் சாப்பிடறது வியாதி இல்லை. தீபாவளியன்னிக்கு நாம எல்லாரும் அப்படித்தான். ஆனா இதைக் கவனிங்க: பசியே இல்லாம, வேகவேகமா, வலிக்கற அளவுக்கு, யாரும் பார்க்காத மாதிரி தனியா சாப்பிடறது. 'நிறுத்தணும்'னு தோணியும் நிறுத்த முடியாம போறது. முடிஞ்ச பிறகு தன் மேலேயே அருவருப்பு வர்றது. இது வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா நடக்குதுன்னா, அதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. அதாவது, இது சோம்பேறித்தனமும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. சிகிச்சை உள்ள ஒரு பிரச்னை.

சாப்பிட்டதை விரலை விட்டு வாந்தி எடுக்கறது, பேதி மாத்திரை போடறது... இந்த ரெண்டும் அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டிய விஷயங்கள் இல்லை. வாந்தி எடுத்து எடுத்து உடம்புல பொட்டாசியம் குறைஞ்சா இதயத் துடிப்பே தடுமாறும். எடை நார்மலா இருக்கறவங்களுக்கும் இது நடக்கும். அதனால 'பார்த்தா நல்லாத்தானே இருக்கா'ங்கற பேச்சு இங்கே செல்லாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்கு ஓடறது, விரல் முட்டியில காயம், பல் கூசறது, எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடறதைத் தவிர்க்கறது, பொண்ணுங்களுக்குப் பீரியட்ஸ் நின்னு போறது இதெல்லாம் ரூம்மேட் கண்ணுலதான் முதல்ல படும்.

சிகிச்சைன்னா என்ன தெரியுமா? 'சாப்பிடாதே'னு சொல்வாங்கன்னு நினைச்சுத்தான் பல பேர் போறதே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறை உலகம் முழுக்கப் பயன்படுது. அதுல ஆரம்பக் கட்டமே 'நேரத்துக்குச் சாப்பிடு'தான்! மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு ஸ்நாக்ஸ், நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காயக் கூடாது. நேத்து ராத்திரி எவ்வளவு தின்னிருந்தாலும் இன்னிக்குக் காலை டிபன் கட்டாயம். மின்னசோட்டா கதையைப் படிச்ச உங்களுக்கு ஏன்னு புரியும். கூடவே என்ன சாப்பிட்டோம், அப்ப மனசுல என்ன ஓடிச்சுன்னு ஒரு நோட்டுல குறிக்கச் சொல்வாங்க. கலோரி கணக்குக்காக இல்லை. 'எச்.ஓ.டி. ரூம்லேர்ந்து வந்த பிறகுதான் ஒவ்வொரு தடவையும் பப்ஸ் வாங்கியிருக்கேன்'னு நமக்கே தெரியறதுக்காக.

சின்ன லெவல்ல இருக்கறவங்க இந்த ரெண்டையும் நாளைக்கே ஆரம்பிக்கலாம். ரூம்ல நாலு வாழைப்பழம், ஒரு டப்பா வேர்க்கடலை, பொட்டுக்கடலை இருந்தா, மெஸ் பிடிக்காத நாளும் வயிறு காயாது. பர்ஸும் தாங்கும்.

ஃப்ரெண்டுக்கு இருக்குன்னு சந்தேகமா? தட்டை எட்டிப் பார்த்து, 'போதும்டி', 'இன்னும் கொஞ்சம் சாப்பிடேன்'னு போலீஸ் வேலை பார்க்காதீங்க. எடையைப் பத்தி, பாராட்டாகக்கூட எதுவும் வேண்டாம். 'இளைச்சு சூப்பரா ஆயிட்டே'ங்கற ஒரு வார்த்தை அந்தப் பழக்கத்துக்கு உரம். தனியா இருக்கும்போது, "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையே, என்னாச்சு?"னு கேளுங்க. முதல் தடவை "ஒண்ணுமில்லையே"ன்னுதான் பதில் வரும். அடுத்த வாரம் மறுபடி கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சா, குறுக்கே தீர்வு சொல்லாம கேளுங்க. வாந்தி, மயக்கம், படபடப்புன்னு காதுல விழுந்தா மட்டும், 'யார்கிட்டயும் சொல்லாதே'னு சத்தியம் வாங்கியிருந்தாலும், நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போயிடுங்க.

எங்கே போறது? காலேஜ் கவுன்சிலர் இருந்தா முதல்ல அவங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பிச்ச 'டெலி மனாஸ்' இலவச மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அட, ராத்திரி பதினொன்றரைக்கும் எடுப்பாங்க.

அடுத்த வாரம் தூக்கத்தைப் பத்திப் பேசுவோம். ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கறவங்க கட்டாயம் ஆஜராகணும்!